குதிரைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இயற்பியல் பயில்வோரிடையே ஓர் எண்ணம் உண்டு. "உளவியலில் செய்வதும் ஒரு சோதனையா? ஊசலை யார் ஆட்டினாலும் அலைவு நேரம் ஒன்றுதான், மனம் அப்படியா?" என்பார்கள். இதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றி உங்களிடம் வாதாடப் போகிறேன்.

பெர்லின் நகரில் ஃபான் ஓஸ்டன் என்னும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும் குதிரை! 1904-இல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்தது. மோசடி எதுவும் இல்லை என்று கூறிவிட்டது. அதன் பிறகு ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் ஒவ்வொரு நிலைமையாக மாற்றிப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி செய்தபோதும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தம்மை அறியாமலே மிக நுட்பமாக அசைகிறது. அதைக் கண்டு குதிரை நிறுத்திவிடுகிறது! ஆண்டுக்கணக்கில் வேடிக்கை பார்த்தாலும் புலப்படாத இவ்வுண்மையைச் சோதனை முறை வெளிக்கொணர்ந்தது. அதன் வலிமை இதுவே.

குறையும் இதிலேயே தெரிகிறதல்லவா? சோதிப்பவரின் எதிர்பார்ப்பு சோதனைக்குள் புகுந்துவிடும். 1963-இல் ரோசெந்தாலும் ஃபோடும் 12 மாணவர்களிடம் ஆளுக்கு 5 எலிகள் கொடுத்தனர். பாதிப் பேரிடம் 'இவை கெட்டிக்கார எலிகள்' என்றும், மீதிப் பேரிடம் 'இவை மந்தமானவை' என்றும் சொன்னார்கள். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகளே. ஆனாலும் 'கெட்டிக்கார' எலிகளே நன்றாகக் கற்றதாக முடிவு வந்தது.

சிரிக்க வேண்டாம், நம் துறையும் தப்பவில்லை. 1903-இல் பிரான்சில் பிளாண்ட்லோ என்னும் இயற்பியல் பேராசிரியர் 'என்-கதிர்' என ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். 1904-இல் அவரது ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற ராபர்ட் உட், இருட்டில் கருவியின் முப்பட்டகத்தை மெல்ல எடுத்துவிட்டார். அப்போதும் அக்கதிர்கள் 'தெரிந்தன'!

உளவியலுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. பெரும்பாலும் கல்லூரி மாணவர்களையே சோதித்துவிட்டு மனித இனத்துக்கே முடிவு கூறுகிறார்கள். அன்பின்றி வளரும் குழந்தை என்னவாகும் என்றறிய ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க முடியுமா? கூடாது. அங்கே சோதனை ஒதுங்க வேண்டியதுதான். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவற்றில்தான் பழைய முடிவு உறுதியாயிற்று. 'உளவியல் தோற்றது' என்று சிலர் எழுதினர். நான் ஒப்பமாட்டேன். அச்சோதனைகளைத் திரும்பச் செய்து, முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்கள் உளவியலாரே! நம்மில் எத்தனை பேர், ஈர்ப்பு முடுக்கம் 980 என்று முன்பே தெரிந்துகொண்டு, அதற்கேற்றபடி அளவீடுகளைப் 'பிடித்து' ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம்?

அடுத்த முறை ஊசல் சோதனையின்போது ஒன்று செய்யுங்கள். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை, வர வேண்டிய விடையை அறியாத தம்பியோ தங்கையோ குறிக்கட்டும். நீங்களும் தனியே குறியுங்கள். இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுதி வையுங்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.