மூலிகை என்றால் தீங்கில்லையா?

காட்டாங்குளத்தூரில் தங்கிப் பயிலும் மாணவர் பலர். தேர்வுக்குக் கண்விழிக்க ஒரு மாத்திரை, உடல் இளைக்க ஒரு பொடி, உடற்பயிற்சிக்கு ஒரு பானம் என விளம்பரங்கள் அவர்களை அழைக்கின்றன. “எல்லாம் மூலிகைதானே!” என்று பெற்றோராகிய நாமும் அமைதி கொள்கிறோம். அந்த அமைதிக்கு அடிப்படை உண்டா?

எபெட்ரா என்பது ஒரு குறுஞ்செடி. அதன் இனங்களுள் ஒன்று நம் இமயமலையிலும் வளர்கின்றது. சீன வைத்தியர்கள் அவ்வினத்துச் செடியொன்றை, ‘மா குவாங்’ என்ற பெயரில், மூச்சிரைப்புக்கு அளவறிந்து கொடுத்து வந்தனர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வணிகர்கள் அதனைக் காஃபீனோடு கலந்து, இளைப்பதற்கும் ஊக்கத்துக்கும் நாள்தோறும் உண்ணும் மாத்திரையாக விற்றனர். செடி மாறவில்லை, அளவும் நோக்கமும் மாறின.

அதிலுள்ள எபெட்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரைந்து துடிக்கச் செய்யும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். உடல் வெப்பத்தையும் கூட்டும். 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது அமெரிக்க பேஸ்பால் வீரர், பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலால் மாண்டார். அதற்கு எபெட்ராவும் துணைக்காரணம் என்று பிணப்பரிசோதனை செய்த மருத்துவர் அறிவித்தார். மாரடைப்பு, பக்கவாத அபாயங்களையும் எண்ணி, 2004இல் அந்நாட்டரசு அத்தகைய மாத்திரைகளைத் தடைசெய்தது. செங்கற்பட்டுச் சீமையின் சித்திரை வெயிலை அறிந்த நமக்கு இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று.

எபெட்ரா நீங்கிய இடத்தில் குவரானா விதை போன்றவை புகுந்தன. குவரானா தரும் ஊக்கமும் காஃபீனே. நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபீனே மேல்வரம்பு என்பர். மாத்திரையோடு காபியும் ஊக்கபானமும் சேர்ந்தால் கணக்குத் தவறிவிடும். இன்னும் கொடியது மறைவான கலப்படம். 2011இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் என்னும் வேதிப்பொருளை, ‘மூலிகை’ எனப் பெயரிட்ட இளைப்பு மருந்துகளில் அமெரிக்க அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர்.

சித்த மருத்துவத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கின்றது. மின்தொடர் வண்டியிலேயே சென்றுவிடலாம். நோயாளியின் வயதையும் நோயையும் அறிந்து கொடுப்பவர் வைத்தியர்; எவரென்று அறியாமலே விற்பவர் வணிகர்.

ஆகவே, பிள்ளைகள் எதை உண்கிறார்கள் என்று கடிந்துகொள்ளாமல் கேட்டறிவோம். படபடப்பு, நெஞ்சுவலி, மயக்கம் தோன்றினால் மாத்திரையை நிறுத்தி, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைவோம். குறைந்த மதிப்பெண்ணை அடுத்த தேர்வில் ஈடுசெய்யலாம். நின்றுபோன இதயத்துக்கு மறுதேர்வு இல்லை.