நோயை ஒளித்து வைக்காதீர்கள்



சென்ற இதழில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் எடுப்பது பற்றி எழுதியிருந்தோம். இந்த முறை எழுதப்போவது பாரமான விடயம். எங்கள் சனம் பெயர் சொல்லவே பயப்படும் ஒரு நோயைப் பற்றியது. இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்கள் இதை முக்கியமாக வாசிக்க வேண்டும்.

கடந்த வருடம் எங்கள் வீட்டில் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வயது 36. அதற்கு மூன்று மாதத்துக்கு முந்தித்தான் ஊரில் அவரின் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் இயங்காமல் போயிருந்தன. தங்கச்சிதான் பக்கத்தில் இருந்து பார்க்கிறா. நாங்கள் இருவரும் ஒரே சான்ட்விச் தொழிற்சாலையில் வேலை. ஒருவர் பகல், மற்றவர் இரவு. ஊருக்கு ஓடிப்போய் அம்மாவைப் பார்க்கவும் வழியில்லை. அகதிகளுக்குக் கொடுக்கும் பிரயாணப் பத்திரம் சொந்த நாட்டுக்குச் செல்லாது.

செய்தி கேள்விப்பட்ட சொந்தக்காரர் சிலர் சொன்னது ஒன்றுதான்: "ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையுங்கோ." நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச வரமாட்டார்களாம், வேலை போய்விடுமாம், அம்மா கேட்டால் உயிரோடு இருக்கமாட்டாவாம். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் நாங்கள் சொல்வது என்று முடிவெடுத்தோம். யாருக்குச் சொன்னோம், சொன்னதால் என்ன கிடைத்தது என்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறோம்.

முதலில் வைத்தியரிடம். இங்கே 50 வயதுக்குப் பிறகுதான் மார்பகப் பரிசோதனைக்குக் கடிதம் வரத் தொடங்கும். அதற்குக் குறைந்த வயதுப் பெண்கள் கட்டி, தோல் மாற்றம், முலைக்காம்பில் கசிவு ஏதும் கண்டால் தாங்களாகவே குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும். வெட்கமாக இருந்தால் பெண் வைத்தியரைக் கேட்கலாம். அவர் அவசரமாக வைத்தியசாலைக்கு அனுப்பினால், புற்றுநோயா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்து சுகாதார சேவையின் இலக்கு. எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. கடிதம் வராவிட்டால் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குக் காசு இல்லை. தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தாய்க்குப் புற்றுநோய் என்று ஒன்பது வயதுப் பிள்ளை தன் வாயாலேயே தாய்க்குச் சொல்ல வேண்டி வரலாம். அது எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. இன்னொன்று, புற்றுநோய்க்காரருக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் அதற்கு ஒரு விலக்குச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஐந்து வருடம் செல்லுபடியாகும். வைத்தியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

இரண்டாவது, வேலைத்தலத்தில். இதற்குத்தான் எங்கள் ஆட்கள் ஆகப் பயப்படுவது. பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் என்று கண்ட நாளில் இருந்தே அந்தத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டு. நோயைக் காரணம் காட்டி ஒதுக்க முடியாது. பாரம் தூக்காத வேலை, கிளினிக்குக்குப் போக நேரம் போன்ற நியாயமான மாற்றங்களைக் கேட்கலாம். ஆனால் நோய் இருப்பதே முதலாளிக்குத் தெரியாவிட்டால் அவர் எதை மாற்றுவது? எங்கள் மேற்பார்வையாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். எழுத்தில் கொடுத்த பிறகு பதிலும் எழுத்தில் வந்தது. தகுதி உள்ளவர்களுக்கு 28 கிழமை வரை சட்டப்படியான சுகவீனப் பணம் உண்டு. பராமரிப்பவருக்கும் 2024 ஏப்ரல் முதல் வருடத்துக்கு ஒரு கிழமை விடுமுறை கேட்க உரிமை இருக்கிறது. சம்பளம் இல்லை, ஆனால் வேலை பறிபோகாது.

மூன்றாவது, அம்மாவிடம். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். கீமோ தொடங்கினால் தலைமயிர் கொட்டும் என்று தாதி சொல்லியிருந்தார். தினமும் வீடியோவில் முகம் பார்க்கும் அம்மாவுக்கு எத்தனை நாள் மறைப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, மனைவியே மெதுவாகச் சொன்னார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தங்கச்சி எங்களோடு கோபித்துக்கொண்டா. மூன்றாம் நாள் அம்மாவே கோல் எடுப்பித்தா. பாரிசவாதத்துக்குப் பிறகு பேச்சு இன்னும் தெளிவில்லை. "மயிர் கொட்டினால் முளைக்கும் பிள்ளை. நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டா. அன்று மூவருமாக அழுது தீர்த்தோம். அதற்குப் பிறகு பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. இவர் வாந்தி எடுத்த கதையைச் சொல்வார், அம்மா கால் எடுத்து வைத்த கதையைச் சொல்லுவா.

அம்மா முழுதாகச் சுகமாகிவிட்டா என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அப்படி இல்லை. ஒருநாள் கெட்ட செய்தி வந்தால் நாங்கள் இங்கிருந்துதான் அழ வேண்டி வரும். அது தெரிந்ததால்தான் சொல்ல வேண்டியதை இப்போதே சொன்னோம்.

காசு விடயத்திலும் வெளிப்படையாக இருங்கள். ஒரு சம்பளம் குறைந்தவுடன் ஊருக்கு அனுப்பும் தொகையும் குறையும் என்று பிரான்சில் இருக்கும் தம்பியிடம் கணக்கோடு சொன்னோம். அம்மாவின் மருந்துச் செலவை அவர் பொறுப்பெடுத்தார். "என்ன உதவி வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து கூட்டி வாருங்கள், ஒரு சட்டி புட்டு அவித்துத் தாருங்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

கீமோ எடுப்பவர்கள் உள்ள வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கை. காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு வந்தால் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலை தந்த 24 மணிநேர இலக்கத்துக்கு உடனே தொலைபேசி எடுங்கள். காய்ச்சலை அளக்காமல் பனடோல் போட வேண்டாம், அது காய்ச்சலை மறைத்துவிடும். காய்ச்சல் இல்லாமல் உடம்பு திடீரென்று மோசமானாலும் அழையுங்கள். அடுத்தது, ஊரில் இருந்து வரும் சூரணம், கசாயம், மஞ்சள் குளிசை எதையும் சிகிச்சைக் குழுவிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நாங்கள் வைத்தியரும் இல்லை, சட்டம் படித்தவர்களும் இல்லை. பட்டதை எழுதுகிறோம். இதை வாசிக்கும் சகோதரி யாராவது ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தால், திங்கட்கிழமை காலையிலேயே வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த இதழில் வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதுவோம். அதுவரை சுகமாக இருங்கள்.