எத்தனை மில்லிமீட்டர் போடலாம்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மேல் மையல் கொண்டவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர்கள் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் அறவே பிடிக்காது. "எத்தனை மில்லிமீட்டர் ஸ்பேசர் போடலாம்?" என்பதுதான் அந்தக் கேள்வி. நாற்பது வருஷத்துக் காரை அருமையாக வாங்கிக் கழுவித் துடைத்து நிறுத்துகிறார்கள். நாலு அடி தள்ளி நின்று பார்க்கிறார்கள். சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பதுபோல் தோன்றுகிறது. அவ்வளவுதான், காரின் பெயரைக்கூட முழுதாகச் சொல்லாமல் கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். பெண் எப்படி என்று விசாரிக்காமலே "எத்தனை பவுன்?" என்று ஆரம்பிக்கும் சம்பந்தியைக் கண்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது எனக்கு.

ஸ்பேசர் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. காரின் சக்கரம் ஹப்பின் மேல் உட்காருகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அலுமினிய வளையத்தைச் செருகினால், அந்த வளையத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். இதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சின்ன வளையத்தை முன்னிட்டு இரண்டு கட்சிகள் ஏற்பட்டு, தென்கலை வடகலை போலச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

ஒரு கட்சி, ஸ்பேசர் என்றாலே எமன் என்கிறது. போட்ட மறுநாளே பேரிங் போய்விடும், சக்கரம் கழன்று ஓடும் என்கிறது. இவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். 1978-இல் வெளிவந்த 3.3 லிட்டர் போர்ஷே 911 டர்போவின் பின் சக்கரங்களுக்குள் 28 மில்லிமீட்டர் ஸ்பேசர் இருந்ததே, அதைப் போட்டது யார்? தெருக்கோடிப் பட்டறைக்காரரா? சாட்சாத் போர்ஷே தொழிற்சாலையேதான். பேரிங்குக்கு ஸ்பேசர் என்ற வஸ்துவைத் தெரியாது. தரையைத் தொடும் டயரின் மையம் தனக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். வளையத்தால் 20 மில்லிமீட்டர் தள்ளினாலும், வளையமே இல்லாமல் வேறு வார்ப்புச் சக்கரத்தால் 20 மில்லிமீட்டர் தள்ளினாலும் அதற்கு ஒரே பாரந்தான். அதுவும், வளைவில் வேகமாகத் திரும்பும்போது தரையிலிருந்து வரும் பக்கவாட்டு விசை சுமார் 300 மில்லிமீட்டர் நீளமுள்ள நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு பேரிங்கைத் திருகுகிறது. டயரின் ஆரம் அவ்வளவு. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து பத்து மில்லிமீட்டர் வளையம் செய்யும் கெடுதல் சொற்பம்.

இரண்டாவது கட்சிதான் என்னுடைய உண்மையான எதிரி. "போட்டுப் பாருங்கள் ஸார், ஜம்மென்று இருக்கும்" என்பது இவர்களுடைய சாஸ்திரம். மட்கார்டின் விளிம்பிலிருந்து நூல் கட்டித் தொங்கவிட்டு, டயர் அந்த நூலைத் தொடும் வரையில் வளையத்தின் கனத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கண்ணுக்கு லட்சணமாக இருந்தால் சரி. இந்த நூல் வித்தையை நான் ஏன் இவ்வளவு ஆத்திரத்தோடு எதிர்க்கிறேன் என்பதற்கு ஒரே ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

போர்ஷே 944. 1982 முதல் 1991 வரையில் தயாரான கார். எஞ்சின் முன்னால், கியர்ப் பெட்டி பின்னால். ஆகவே பாரம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்பட்டு, தராசு மாதிரி நிற்கும். திருப்பினால் திரும்பும் குணத்துக்கு இன்றைக்கும் பெயர் பெற்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 1986 மாடலுக்கும் 1987 மாடலுக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். ஜெர்மானியர் அங்கே ஈ.டி. என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். சக்கரத்தின் அகலத்துக்கு நட்ட நடுவே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் ஹப்பின் மேல் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. முந்திய கார்களின் முன் சக்கரத்தில் அது 23-க்குச் சற்று மேல். 1987 முதல் 52-க்குச் சற்று மேல். வித்தியாசம் 29 மில்லிமீட்டர்.

இந்த 29 மில்லிமீட்டரை யாரோ அழகுக்காக மாற்றவில்லை. முன் சக்கரத்தைத் திருப்பும் அச்சு ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த அச்சுக் கோட்டை அப்படியே கீழே நீட்டினால் தரையில் ஓரிடத்தில் போய்க் குத்தும். குத்தும் இடம் டயரின் மையத்துக்கு உட்புறம் இருக்கலாம், வெளிப்புறமும் இருக்கலாம். மழை நாளில் இடது சக்கரங்கள் ஈர இலைச் சருகின் மேலும், வலது சக்கரங்கள் காய்ந்த தாரின் மேலும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை அழுத்துகிறீர்கள். வலது பக்கம் நன்றாகப் பிடிக்கிறது. இடது பக்கம் வழுக்குகிறது. கார் வலது பக்கமாகச் சுழலப் பார்க்கும். அச்சு டயர் மையத்துக்கு வெளிப்புறம் குத்துமானால், பிடித்த சக்கரமே தன்னைச் சிறிது இடது புறம் திருப்பிக்கொண்டு அந்தச் சுழற்சியை எதிர்க்கும். ஓட்டுபவர் யோசிப்பதற்குள் கார் யோசித்துவிடுகிறது! உட்புறம் குத்துமானால் நேர்மாறு. சக்கரம் வலது பக்கமே திரும்பி, சுழல்கிற காரைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிவிடும்.

1972-இல் வந்த ஆடி 80 இந்த வெளிப்புற அமைப்பைக் கொண்டு பேர் வாங்கியது. போர்ஷேக்காரர்கள் 944-க்கு ஏ.பி.எஸ். பிரேக் கொடுக்க ஆரம்பித்த 1987 மாடலில் முன் சஸ்பென்ஷனையும் இவ்விதமாகவே மாற்றினார்கள். சக்கரத்தை உள்ளே இழுத்து, அச்சு அதன் மையத்துக்கு வெளியே குத்தும்படி செய்தார்கள். அதற்காகத்தான் 52.

இப்போது நம் நூல்கட்டிப் பெருமான் வருகிறார். அவரிடம் இருப்பது 1988 மாடல். சக்கரம் உள்ளே இருக்கிறதே என்று அங்கலாய்த்து, 25 மில்லிமீட்டர் வளையத்தை முன்னால் செருகுகிறார். எஞ்சினீயர்கள் கணக்குப் போட்டு உள்ளே இழுத்ததை ஒரு சாயங்காலத்தில் வெளியே தள்ளிவிட்டார். கார் நின்றிருக்கும்போது அபாரமாக இருக்கிறது. சிநேகிதர்கள் போட்டோப் பிடிக்கிறார்கள். உலர்ந்த ரஸ்தாவில் ஒரு வருஷம் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்பார். மழைக்காகக் குடை வாங்கிக் கிழித்துவிட்டு, வெயில் காலத்தில் "நான் நனையவில்லையே!" என்பது போன்ற வாதம் இது. அந்த ஈர இலைச் சருகு வரும் நாளில் எதிரே வருபவர் எவரோ. மட்கார்டின் அழகைப் பற்றி அவரை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

சரி, 1985 மாடல் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பிந்திய வருஷத்து 52 சக்கரம் ஒரு ஜோடி கிடைக்கிறது. அதை வெறுமனே மாட்டினால் 29 மில்லிமீட்டர் உள்ளே போய், உள் உறுப்புகளில் உராயவும் கூடும். அவருக்கு 28, 29 மில்லிமீட்டர் வளையம் கட்டாயம் வேண்டும். போட்டால் டயரின் மையம் போர்ஷே வைத்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. ஒரே பெயருள்ள கார், ஒரே வளையம். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். எமன் கட்சிக்காரர் இதை என்னவென்று சொல்வார்? இன்னும் ஒரு வேடிக்கை. 23 எண்ணுள்ள பழைய ஃபூக்ஸ் சக்கரத்தின் அழகில் மயங்கி, அதை 1988 காரின் முன்னால் மாட்டிவிட்டு, "நான் ஸ்பேசரே போடவில்லை, சுத்த சைவம்!" என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. வளையமில்லாமலே 29 மில்லிமீட்டர் பாவத்தைச் சம்பாதித்துக்கொண்டவர்கள் இவர்கள்.

ஆகையால், "எத்தனை மில்லிமீட்டர் போடலாம்?" என்று கேட்காதீர்கள். "என் காருக்கு டயரின் மையம் எங்கே இருக்க வேண்டும்? இந்தச் சக்கரத்தை மாட்டினால் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். இரண்டு எண்களைக் கழித்தால் விடை வந்துவிடும். அதற்கு எஞ்சினீயரிங் பட்டம் வேண்டியதில்லை. கழித்தல் தெரிந்தால் போதும். விடை பூஜ்யமானால், வளையத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

விடை பூஜ்யமில்லையென்றால், வளையத்தை வாங்குவதில் இருக்கிறது மிச்சச் சங்கடம். கடைக்காரர் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எல்லாக் காருக்கும் பொருந்துவது ஒரு காருக்கும் சரியாகப் பொருந்தாது. போர்ஷே ஹப்பின் நடுவிலுள்ள உதடு 71.6 மில்லிமீட்டர். வளையத்தின் துவாரம் அந்த உதட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிறகு வளையத்தின் வெளி முகத்திலும் அதே அளவில் ஓர் உதடு இருந்து சக்கரத்தைத் தாங்க வேண்டும். மெல்லிசு வளையத்தில் தனி உதடு கடைய இடம் இருக்காது. ஹப்பின் உதட்டையும் அது மறைத்துவிடும். சக்கரம் மையம் பிசகி உட்காரும். வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று அலட்சியமாக வாங்குகிறவர்களுக்கு இந்தச் செய்தி.

மரை விஷயம் இதைவிட முக்கியம். 944-இன் ஸ்டட்டு 14 மில்லிமீட்டர் பருமன். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் மரை. பருமன் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு மரையைக் கவ்வியிருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அதாவது ஒன்பது சுற்றுக்கு மேல். ஐந்து மில்லிமீட்டர் வளையம் மூன்று சுற்றுக்கு மேல் விழுங்கிவிடும். நட்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று கையால் எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷங்கூட ஆகாது. ஆனால் எண்ணுகிறவர்களைக் காணோம். குறைந்தால் நீளமான ஸ்டட்டு அடிக்க வேண்டும், அல்லது வளையத்தை விட்டுவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. நட்டிலும் ஜாதி உண்டு. போர்ஷே நட்டின் அடி, பந்து போல் உருண்டது. மற்றப் பல கார்களில் கூம்பு. கூம்பு நட்டைப் பந்துக் குழியில் இறுக்கினால் மெல்லிய ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், இறுகினாற்போல் நடிக்கும்.

கனமான வளையங்களில் சொந்த ஸ்டட்டு வைத்தே செய்கிறார்கள். முதலில் வளையத்தை ஹப்பில் இறுக்கி, பிறகு சக்கரத்தை வளையத்தில் இறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் முதல் வரிசை நட்டுகள் சக்கரத்தைக் கழற்றினால் ஒழியக் கண்ணில் படா. பஞ்சர் ஒட்டுகிற பையன் வெளி வரிசையை மட்டும் முறுக்கிவிட்டுப் போய்விடுவான், அவன்மேல் குற்றமில்லை. ஆகவே வளையம் போட்டிருப்பதை வண்டியில் எழுதி ஒட்டிவையுங்கள். ஹப்பின் துருவைச் சுரண்டி, பெயின்ட்டைத் துடைத்து, உலோகத்தோடு உலோகம் உட்காரும்படி வையுங்கள். ஏனென்றால் சக்கரத்தைப் பிடித்து வைப்பது இறுக்கத்தால் வரும் உராய்வு. நடுவில் துரு பொடிந்தால் இறுக்கமும் தளர்ந்துவிடும். போர்ஷே சொல்லும் இறுக்கம் 130 நியூட்டன் மீட்டர். அதை டார்க் ரெஞ்சால் வைத்து, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் பார்க்க வேண்டும். உள் வரிசையையும் சேர்த்துத்தான்.

இந்தக் கார் பிறந்த ஜெர்மனியில், சான்று இல்லாத வளையத்தைப் போட்டுக்கொண்டு ரஸ்தாவில் இறங்கினால் காரின் ஓட்டும் அனுமதியே செல்லாமல் போகலாம். சோதனை அதிகாரி வளையம், சக்கரம், டயர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயும் இதைத் தொந்தரவு என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த அதிகாரியின் கட்சி.

"பின்னாலாவது போட்டுக்கொள்ளலாமா?" என்று ஒரு நண்பர் பரிதாபமாகக் கேட்டார். பின் சக்கரத்துக்குத் திருப்பும் அச்சு இல்லை. ஆகவே நான் சொன்ன முதல் ஆபத்தும் இல்லை. ஆனால் பின்புறத்தை மட்டும் அகலப்படுத்தினால், வளைவில் முன்புறம் கொஞ்சம் பிடிவாதம் பிடித்து வெளியே நழுவப் பார்க்கும். தராசு ஒரு பக்கம் சாயும். மெல்லிய வளையமானால் அவ்வளவாகத் தெரியாது. உதடும் மரையும் சரியாயிருந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன். நூலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.