ஊர் அறிவோம்: ராஜா கேட்டார்... ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை! மார்கழியில் கிளம்பலாமா ஒரு வரலாற்று நடை?

காஞ்சிபுரத்தில் பிரமாண்டமான கற்கோயிலைக் கட்டி முடித்த காடவர்கோன், குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டான். அதற்கு முந்தைய இரவு கனவில் வந்த சிவபெருமான், "அந்த நாளில் நான் திருநின்றவூருக்குப் போக வேண்டும். அங்கே பூசலார் கோயில் கட்டியிருக்கிறார். உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

தன் கோயிலைவிடப் பெரிய கோயிலா என்று வியந்து, மன்னன் திருநின்றவூருக்கு வந்து விசாரித்தான். "அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே" என்றார்கள் ஊர்க்காரர்கள். கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. கையில் காசில்லாத பூசலார், கல் கல்லாக அடுக்கி, மனதுக்குள்ளேயே கோயில் கட்டியிருந்தார்.

பெரியபுராணம் சொல்லும் கதை இது. காஞ்சி கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மப் பல்லவனின் கல்வெட்டிலும் அசரீரி ஒலித்த குறிப்பு ஒன்று வருகிறது. அதனால் கதையில் வரும் மன்னன் ராஜசிம்மனாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பூசலாரின் நினைவாக நிற்கும் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இன்று இதய நோய் தீர வேண்டி வருகிறார்கள். அந்தப் பக்கம் என்னைப் பெற்ற தாயாரோடு பக்தவத்சலப் பெருமாள், 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக.

ஆக, கோயில் எங்கே என்று இன்று யார் கேட்டாலும் திருநின்றவூரில் வழி சொல்லிவிடுவார்கள். "இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் 15 லட்சம் ஆண்டு பழைய கற்கருவிகள் கிடைத்த இடம் இருக்கிறதாமே, எங்கே?" என்று கேட்டால்தான் சிக்கல். சென்னை - அரக்கோணம் மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஏன் மார்கழி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத மார்கழியும் தையும்தான் தமிழ்நாட்டில் வரலாறு தேடிக் கிளம்ப நல்ல காலம். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். அதில் தொடங்கும் கண்காட்சிகளும் பேச்சுகளும் மரபு நடைகளும் பொங்கல் வரை நீளும். சித்திரை வெயிலில் பாறை மீது ஏறிக் கல்வெட்டு பார்ப்பது நடக்கிற காரியமா!

சென்னையில் இந்த மாதத்தில் சபாவுக்கு சபா பாட்டுக் கச்சேரி. தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை என்ற அமைப்பு டிசம்பரில் நடத்துவது 'பேச்சுக் கச்சேரி'. சிற்பம், ஓவியம், கல்வெட்டு, கட்டடக்கலை என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அறிந்தவர்கள் வரிசையாகப் பேசுகிறார்கள். கேட்டதோடு முடிவதில்லை. மாமல்லபுரம், புதுக்கோட்டை, அஜந்தா என்று குழுவாகக் கிளம்பி, அந்த இடத்திலேயே நின்று பாடம் கேட்கிறார்கள்.

இதெல்லாம் பேராசிரியர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். திருச்சியில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை நடத்தும் இரா. கலைக்கோவன் ஒரு கண் மருத்துவர். கோயில் கோயிலாகப் போய், யாரும் படிக்காத கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்திருக்கிறது அந்த மையம். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து, மாணவர்களே பானை ஓடுகளையும் கல்வெட்டுகளையும் அடையாளம் காண்கிறார்கள். ஆர்வமும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இருந்தால் போதும்.

நான்கு ஸ்டேஷன் தள்ளி...

திருநின்றவூரில் ரயில் ஏறினால் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், அடுத்தது திருவள்ளூர். அங்கிருந்து பஸ் பிடித்தால் சற்று நேரத்தில் பூண்டி. பெரும்பாலானவர்கள் சென்னைக்குக் குடிநீர் தரும் சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பக்கத்திலேயே மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. 1985-ல் திறக்கப்பட்டது. கைக்கோடரி, பிளக்கும் கருவி, சுரண்டும் கருவி எல்லாம் இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

இந்தக் கருவிகளின் கதை, பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் தொடங்குகிறது. 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கல்லை எடுத்தார். கைக்கு அடங்கும்படி இரண்டு பக்கமும் செதுக்கப்பட்ட கல். அப்போது அவருக்கு வயது 28. இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சான்று அந்தக் கல்தான். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, தோழர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூர் போனால் பார்க்கலாம்.

அத்திரம்பாக்கத்தின் உண்மையான வயது தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சாந்தி பப்பு தலைமையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் குழு 1999 முதல் அங்கே அகழாய்வு செய்தது. கீழடுக்கில் கிடைத்த கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். மேலடுக்கில் கருவி செய்யும் நுட்பமே மாறியிருந்தது. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறிய, நேர்த்தியான சில்லுக் கருவிகள் வந்திருந்தன. அந்த மாற்றம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது என்று 2018-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்தியாவில் அது மிகவும் பிற்காலத்தில்தான் நடந்தது என்ற எண்ணத்தை அசைத்துப் பார்த்த ஆய்வு அது. நம் ஊர்ப் பக்கத்துச் செம்மண்ணைப் பற்றி உலகமே பேசிய தருணம்!

பூண்டியைத் தாண்டினால் குடியம் மலைக் குகைகள். ஆதிமனிதர்கள் ஒதுங்கிய பாறைக் குடைவுகள் அவை. காப்புக்காட்டுக்குள் நடந்து போக வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல், வழி தெரிந்தவர் துணையில்லாமல் போகக் கூடாது. திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிறவர்கள் 'டோல்கேட்' என்று மட்டும் அறிந்திருக்கும் பட்டரைப்பெரும்புதூரிலும் 2015-16-ல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் உறைகிணறும் கிடைத்தன.

அந்தக் கல்லை எடுக்காதீர்கள்!

இந்தப் பகுதிக்கு நடை போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு நடப்பது. மழைநீர் அரித்த ஓடைகளில் கற்கருவிகள் வெளியே தெரியும். குழந்தைகள் ஆசையோடு எடுப்பார்கள். பெரியவர்களே 'ஷோகேஸில் வைக்கலாம்' என்று பையில் போடுவதும் உண்டு.

அதில் என்ன தப்பு? 15 லட்சம் என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால் புரியும். வெளியில் கிடக்கும் கல்லில் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, சில தனி வகை அணுக்கள் உருவாகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்த பிறகு அவை சீரான வேகத்தில் குறைகின்றன. எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், எப்போது புதைந்தது என்று கணக்குப் போடலாம். அந்தக் கணக்குக்குக் கல் எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் இருந்தது என்பது தெரிய வேண்டும். இடத்தை விட்டு எடுத்த கல்லுக்கு முகவரி கிடையாது. ஷோகேஸில் அது வெறும் கல்.

இன்னொரு ஆபத்து லாரியில் வருகிறது. கற்கருவிகள் புதைந்திருப்பது செம்மண் கலந்த சரளை மண்ணில். வீட்டுமனை மேடு தட்டவும் ரோடு போடவும் தேடப்படுவதும் அதே கிராவல்தான். ஃபூட்டின் முதல் கருவியே சரளைக் குழியில் கிடைத்தது என்பதை மறந்துவிட வேண்டாம். தொழிற்பேட்டைகளும் மனைப் பிரிவுகளும் பெருகும் திருவள்ளூர் மாவட்டத்தில், எந்தக் குழி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கேட்க உள்ளூரில் ஆள் வேண்டாமா?

மதுரையில் கேட்டார்கள்

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை உதாரணம். 2010-ல் ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். அந்தச் சூழலில், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்தது 'பசுமை நடை'. ஞாயிறு விடியற்காலையில் மக்கள் குடும்பத்தோடு மலையடிவாரத்தில் கூடுவார்கள். வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் சமணர் படுக்கைகளையும் தமிழி எழுத்துகளையும் காட்டி, எல்லோருக்கும் புரியும்படி விளக்குவார்கள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து காலைச் சாப்பாடு. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

அப்படி அவர்கள் நடந்த இடங்களில் ஒன்று அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று, மார்கழிப் பனியில், மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரையை நோக்கிப் பேரணி கிளம்பினார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடி வென்றது ஊர் மக்கள். அந்த மலையில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, ஊர்ச் சிறுவர்களால்கூடப் பதில் சொல்ல முடிந்தது. அதற்குப் பின்னால் பல ஆண்டு நடைகளும் பேச்சுகளும் இருந்தன.

போகிக்கு முன்பு பரணைப் பாருங்கள்

மலை ஏற முடியாத தாத்தா, பாட்டிகளுக்கும் இந்த மாதத்தில் வேலை இருக்கிறது. மார்கழியின் கடைசி நாள் போகி. 'பழையன கழிதல்' என்ற பெயரில் பரணில் இருப்பதெல்லாம் தெருவுக்கு வரும். பழைய பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பனையோலைக் கட்டு, கடிதம், கறுப்பு வெள்ளை போட்டோ எல்லாம் சேர்ந்து எரியும். ஏடுகளை ஆற்றில் விட்டதையும் நெருப்பில் போட்டதையும் பற்றி உ.வே. சாமிநாதையர் வேதனையோடு எழுதி நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. வழக்கம் மட்டும் போகவில்லை.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் வேண்டாம் என்றதையெல்லாம் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்தே 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். ஒரு தனிமனிதரின் பரண், ஒரு மொழியின் ஆவணக் காப்பகமானது.

உங்கள் தெருவில் தொடங்க...

திருநின்றவூரைப் பழைய ஆட்கள் 'தின்னனூர்' என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது, ஏரியின் எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்ந்தது, அந்த வயல்கள் இன்று எந்த நகராக இருக்கின்றன என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. எண்பது வயதுக்காரர்களின் ஞாபகத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்பதற்கான பதிலும் அந்த ஞாபகத்தில்தான் பாதி இருக்கும். 2021-ல் நகராட்சியாகிவிட்ட ஊரில், புதிதாகக் குடியேறியவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

தொடங்குவதற்குச் சங்கம், கட்டடம், நிதி எதுவும் தேவையில்லை. இந்த நான்கு போதும்.

1. ஒரு ஞாயிறு காலை, பத்துப் பேர். ஸ்டேஷனிலிருந்து இரண்டு கோயில்கள், அங்கிருந்து ஏரிக்கரை. ஊரை அறிந்த ஒரு பெரியவர் பேசட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். முடித்துவிட்டு ஒரு டீ.

2. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுத்து, தாத்தா, பாட்டி பேசுவதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், வயது, தேதி மூன்றையும் மறக்காமல் குறிக்கச் சொல்லுங்கள்.

3. கோயில் சுவரில், வயல்வெளிக் கல்லில் எழுத்து தெரிந்தால் சுரண்ட வேண்டாம். சாக்பீஸ், மாவு, எண்ணெய் தடவ வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போட்டோ எடுத்தால் எழுத்து தானாகத் தெளியும். திருப்பணியில் பெயின்ட் பூசும் முன்பு ஒரு போட்டோ இருந்தாலே பெரிய உதவி.

4. பழம்பொருள் எது கிடைத்தாலும் அது இருந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே புதையல் சட்டம் வந்துவிட்டது.

பொங்கல் விடுமுறையில் பூண்டிக்குக் கிளம்புகிறவர்கள், அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. கூடவே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பேனா. திரும்பி வரும்போது பையில் கல் இருக்கக் கூடாது. நோட்டில் நான்கு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.