படத்தைப் பார்த்துப் படத்தை எடுக்க 18 வருடம்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. விஷயம் கம்ப்யூட்டர். "சாருக்கு ரிட்டயர் ஆன பிறகு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள். உங்களில் பாதிப் பேர் சாப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேர் செய்து கொடுத்ததை வைத்துக்கொண்டு அலுவலகத்திலும் கடையிலும் வீட்டிலும் மல்லுக்கட்டுகிறீர்கள். இரண்டு பக்கத்துக்கும் சொல்ல எனக்கு ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் சின்னப் பாடம். கம்ப்யூட்டர் திரையில் நாம் அழுத்துகிற பட்டன், இழுத்துத் திறக்கிற மெனு, உருட்டுகிற பட்டை, "எந்தக் கோப்பு வேண்டும்?" என்று கேட்கிற பெட்டி, இவற்றை ஒவ்வொரு மென்பொருள்காரரும் தனித்தனியாகச் செய்வதில்லை. வீடு கட்டுகிறவர் கதவையும் ஜன்னலையும் கடையில் ரெடிமேடாக வாங்கிப் பொருத்துகிறார் அல்லவா, அதுபோல இந்த உறுப்புகளை ஒரு தொகுப்பாகச் செய்து வைத்திருக்கிறார்கள். டூல்கிட் என்பார்கள். ஒரு டூல்கிட்டில் ஒரு பட்டன் மாறினால், அதை வைத்துக் கட்டிய நூற்றுக்கணக்கான மென்பொருள்களிலும் அந்தப் பட்டன் மாறும். அதனால்தான் அதைச் செய்கிறவர்களின் பொறுப்பு பெரியது என்கிறேன்.

அப்படி ஒன்றுதான் ஜிடிகே. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அதிகம் புழங்குவது. அதன் பிறப்பே ஒரு நல்ல கதை. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்று இரண்டு மாணவர்கள் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை எழுதினார்கள். முதலில் மோட்டிஃப் என்ற டூல்கிட்டை வைத்து எழுதினார்கள். அது இலவசமாகப் பகிரக்கூடியதாக இல்லை. சரி, நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்று தாங்களே ஒன்றை உருவாக்கினார்கள். கிம்ப் டூல்கிட் என்பதன் சுருக்கம்தான் ஜிடிகே. 1997-இல் தொடங்கிய க்னோம் என்ற திட்டம் அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. உபுண்டு போட்ட கம்ப்யூட்டரைத் திறந்தால் இன்று நீங்கள் பார்க்கிற முகம் பெரும்பாலும் க்னோம் முகம்தான்.

இனி வசதிக்கு வருவோம்.

நம் பள்ளி மலருக்காக நீங்கள் அனுப்பிய போட்டோக்கள் என்னிடம் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயர் எப்படி இருக்கும் தெரியுமல்லவா? ஐஎம்ஜி, பிறகு தேதி, பிறகு டபிள்யூஏ, பிறகு நான்கு எண்கள். எல்லாமே ஒரே சாயல். அதில் ஆண்டுவிழாப் படம் எது, விளையாட்டு விழாப் படம் எது என்று பெயரை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? என்னுடைய பழைய லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருந்தவரை, படம் ஒன்றை இணைக்கப் போனால் பெயர்ப் பட்டியல்தான் வரும். சில மென்பொருள்களில் பெயரை அழுத்தினால் ஓரத்தில் சின்னதாகப் படம் தெரியும். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயரை வாசித்து, பையன் எழுந்து நின்ற பிறகுதான் முகத்தைப் பார்க்க முடியும் என்பது மாதிரி.

24.04 போட்ட பிறகு, அதே பெட்டியின் மேலே ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் படங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்து நிற்கின்றன. பார்த்தேன், எடுத்தேன், முடிந்தது.

"இதில் என்ன சார் அதிசயம், விண்டோஸில் எப்போதோ வந்துவிட்டதே" என்பீர்கள். உண்மை. இந்தக் கோப்புத் தேர்வுப் பெட்டி ஜிடிகே 2.4-இல், 2004-இல் வந்தது. அந்த 2004-லேயே, "படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள்" என்று கோரிக்கையும் பதிவாகிவிட்டது. ஜிடிகே 4.10-இலும் க்னோம் 44-இலும் அது வந்து சேர்ந்தது 2023 மார்ச்சில். 18 வருடத்துக்கும் மேல். கோரிக்கை எழுதப்பட்ட வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பட்டம் வாங்கி வேலைக்கும் போயிருக்கும். இணையத்தில் இதை வைத்துப் பல வருடம் கேலிப் படம் போட்டார்கள்.

ஏன் இவ்வளவு காலம்? ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. நம்மூர் பந்தியை வைத்துச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள் என்பதற்காக ஆயிரம் இலையை ஒரே நேரத்தில் போட்டால் மண்டபம் தாங்காது. நூறு இடம் போட்டு, ஒரு பந்தி எழுந்ததும் அதே இடத்தில் அடுத்த பந்தியை உட்கார வைக்கிறோம். 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4-இல் பட்டியல்களுக்கும் கட்டங்களுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். கோப்புறையில் பத்தாயிரம் படம் இருந்தாலும் திரையில் தெரிகிற இடத்துக்கும் அதை ஒட்டியும் எவ்வளவு கட்டம் வேண்டுமோ அவ்வளவுதான் உருவாகும். நீங்கள் உருட்ட உருட்ட, மறைந்த கட்டத்தையே எடுத்து அடுத்த படத்தை அதில் வைக்கும். இந்த ஏற்பாடு வந்த பிறகு படக்கட்ட வசதியைச் சேர்ப்பது எளிதாயிற்று.

ஆனால் இது பாதிக் காரணம்தான். இடைப்பட்ட காலத்தில் சிலர் பொறுக்க முடியாமல் தாங்களே திருத்தம் எழுதி, தங்கள் கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தினார்கள். அந்தத் திருத்தம் மூலத் தொகுப்பில் ஏறவில்லை. அரைகுறையாகச் சேர்த்தால் நாளைக்கு யார் பராமரிப்பது என்பது ஒரு நியாயமான கேள்வி. ஜிடிகேயில் தொடர்ந்து உழைக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிலருக்குச் சம்பளம் உண்டு, பலருக்கு அதுவும் இல்லை. ஆகவே அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காசு கொடுக்காமல் சாப்பிட்டுவிட்டு சாம்பாரில் உப்பு இல்லை என்று இலையைத் தூக்கி எறிகிற வேலை அது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே 18 வருடத்தில் ஜிடிகே 3 வந்தது, ஜிடிகே 4 வந்தது, பட்டன்களின் தோற்றம் மாறியது, மூலைகள் வளைந்தன. இவை எல்லாவற்றுக்கும் கை கிடைத்திருக்கிறது. ஒரு தாத்தா பேரன் படத்தைக் கண்டுபிடிக்கிற வசதிக்கு மட்டும் கை கிடைக்கவில்லை. ஏன்? கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை செய்கிறவருக்குக் கோப்பின் பெயர் போதும். அவருக்கு வலிக்காத இடம் அவருடைய வரிசையில் பின்னால் போய்விடுகிறது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மனித இயல்பு. வகுப்பில் முதல் பெஞ்சுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று ஆசிரியருக்குத் தோன்றும் பாருங்கள், அதே இயல்பு.

என் இரண்டாவது கருத்து, புதிய வசதி பழைய வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது.

ஜிடிகே 4-இல் வந்த இந்தப் படக்கட்டம், ஜிடிகே 3-ஐ வைத்து எழுதிய மென்பொருளுக்குத் தானாக வந்துவிடாது. அந்த மென்பொருளைப் புதிய தொகுப்புக்கு மாற்றி எழுத வேண்டும். அது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஜிடிகே 3 வந்தது 2011-இல். ஜிடிகே எதற்காகப் பிறந்ததோ அந்த கிம்ப், ஜிடிகே 3-க்கு மாறிய தன் 3.0 பதிப்பை வெளியிட்டது 2025 மார்ச்சில்! 14 வருடம். அதற்குள் ஜிடிகே 4 வந்தே நான்கு வருடம் தாண்டிவிட்டது. தாய் வீட்டுக்கே இந்த நிலை என்றால், ஒற்றை ஆளாக ஒரு மென்பொருளைக் காப்பாற்றி வருகிறவர் என்ன செய்வார்?

படக்கட்டம் வந்த அதே 4.10 பதிப்பில்தான், பல வருடமாக எல்லோரும் பயன்படுத்திய பழைய பட்டியல் உறுப்பையும் பழைய உரையாடல் பெட்டியையும் "இனி இவற்றைப் புதிதாகப் பயன்படுத்தாதீர்கள்" என்ற கணக்கில் சேர்த்தார்கள். உடனே எடுத்துவிடவில்லை, ஜிடிகே 4 இருக்கும்வரை அவை வேலை செய்யும். அது நேர்மையான முறை. ஆனால் கடைக்காரர் "இந்த மாடல் கதவுக்கு இனிமேல் கீல் வராது" என்று சொன்னால் வீட்டுக்காரர் வயிற்றில் புளி கரைக்கத்தானே செய்யும்? புதிது செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையதிலிருந்து புதியதற்கு வரப் படிக்கட்டும் சேர்த்துக் கட்டுங்கள்.

இதன் வலி எழுதுகிறவரோடு நிற்பதில்லை. ஓர் அலுவலகத்துக்குப் போன மாதம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். மென்பொருளில் புதுப் பதிப்பு போட்டிருந்தார்கள். இருபது வருட அனுபவமுள்ள அம்மா ஒருவர், முன்பு கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய பொத்தானைத் திரை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் இருபது பேர் வரிசை. "இந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியல" என்று ஓர் இளைஞர் முணுமுணுத்தார். அந்த அம்மாவுக்கு வேலை நன்றாகவே தெரியும். பொத்தான்தான் இடம் மாறியிருந்தது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வசதிகள். புதிய வசதி என்றால் எல்லோரும் தோற்றத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் தமிழர்களான நமக்கு ஜிடிகே செய்த பெரிய உபகாரம் தோற்றத்தில் இல்லை. 2002-இல் ஜிடிகே 2.0 வந்தபோது பாங்கோ என்ற எழுத்துப் பகுதியும் உடன் வந்தது. "கொ" என்று தட்டினால் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் நிற்க வேண்டும், நடுவில் க இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெட்டிக்கு இது புரியாது. ஓர் எழுத்துக்குப் பின் ஓர் எழுத்து என்று வரிசையாக அடுக்கிவிடும். பாங்கோ நம்முடையது போன்ற எழுத்துகளின் விதிகளை டூல்கிட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒரு பட்டனில் தமிழ் சரியாகத் தெரிந்தால் எல்லாப் பட்டனிலும் சரியாகத் தெரியும்.

நம் பள்ளியில் படித்த, பார்வையில்லாத மாணவர் ஒருவர் இன்று நல்ல வேலையில் இருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் எல்லா வேலையும் செய்கிறார். க்னோமில் ஓர்கா என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. அவர் என்னிடம் சொன்னது: "சார், எனக்குப் பட்டன் அழகா இருக்க வேண்டாம். பட்டனுக்குப் பேர் இருந்தா போதும்." படம் மட்டும் போட்டு, பெயர் எழுதாமல் விட்ட பொத்தானை அந்த மென்பொருள் வெறுமனே "பட்டன்" என்று வாசிக்கும். வரிசையாக ஐந்து பட்டன் என்றால் "பட்டன், பட்டன், பட்டன், பட்டன், பட்டன்". அதில் எது சேமிப்பது, எது அழிப்பது? பெயர் எழுத ஒரு வரிதான் ஆகும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிய விண்டோஸை ஏற்காத, ஆனால் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. என் லேப்டாப் மாதிரி அவை லினக்ஸில் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் புதிதாக வருகிற வீட்டுக்காரர் முதல் நாளிலேயே "போட்டோ எது என்றே தெரியவில்லையே" என்று திரும்பிப் போய்விட்டால், சுதந்திர மென்பொருள் பற்றி நாம் பேசும் பெருமை எல்லாம் வீண். சின்ன வசதிதான் ஆளைத் தங்க வைக்கிறது.

ஆகவே சாப்ட்வேரில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஆசிரியராக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் கம்பெனியில் தீர்க்காமல் கிடக்கும் கோரிக்கைப் பட்டியலைத் திறந்து, மிகப் பழையதாக இருக்கும் பத்தைப் படியுங்கள். அதில் உங்களுக்கு வலிக்காத, ஆனால் அடுத்தவருக்குத் தினமும் வலிக்கிற ஒன்றை எடுத்து இந்த மாதம் முடித்துவிடுங்கள். பொத்தானை இடம் மாற்றுவதற்கு முன்னால் வரிசையில் நிற்கிற இருபது பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தானுக்குப் பெயர் எழுதுங்கள்.

பயன்படுத்துகிற மற்றவர்களுக்கும் பாடம் உண்டு. குறை இருந்தால் திட்டாமல், என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்று மூன்று வரியில் தெளிவாக எழுதி அனுப்புங்கள். 2004-இல் யாரோ ஒருவர் அப்படி எழுதி வைத்ததால்தான் 2023-இல் ஒருவர் அதை எடுத்துச் செய்ய முடிந்தது. முடிந்தால் இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஒரு சிறு தொகை அனுப்புங்கள். தமிழில் மொழிபெயர்க்கவும் ஆள் தேவை, அதற்குக் கோடு எழுதத் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் வேலையில் தினமும் எரிச்சலூட்டுகிற ஒரு பொத்தானோ பெட்டியோ இருந்தால் கீழே எழுதுங்கள். அதைச் சரிசெய்யக்கூடியவர் இந்தப் பதிவைப் படிக்கிற நம் கூட்டத்திலேயே இருக்கலாம்.

அப்புறம், பள்ளி மலருக்குப் படம் அனுப்பாதவர்கள் சீக்கிரம் அனுப்புங்கள். இப்போது தேடுவது சுலபம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்