பட்டையை வரைய மறுக்கும் மேக்ரோ

ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய பள்ளியில் மாணவர்களின் தேர்வுப் புள்ளிகளைப் பட்டைக் குறிவரைவாக மாற்றித் தரும் ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் வகுப்புக்கு ஒரு படம் வந்து விழும். அதைச் செய்து கொடுத்த ஆசிரியர் மாற்றலாகி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். இவருடைய மடிக்கணினியில் ஒழுங்காக ஓடும் மேக்ரோ, பள்ளி அலுவலகத்தின் பழைய கணினியில் 'பிழை 438' என்று சொல்லி நின்றுவிடுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் திரையோடு இணைக்கப்படுவது அந்தப் பழைய கணினிதான். "வைரஸா, இல்லை நான்தான் எதையாவது கெடுத்துவிட்டேனா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை, டீச்சர். 438 என்றால், "நீ சொல்லும் கட்டளை எனக்குத் தெரியாது" என்று எக்செல் சொல்கிறது, அவ்வளவுதான்.

காரணம் மேக்ரோ பதிவு செய்யும் கருவியில் இருக்கிறது. வானொலியில் ஒலிப்பதிவு என்றால் பேசியது பேசியபடியே பதியும். மேக்ரோ பதிவு அப்படியில்லை. நாம் சுட்டியால் செய்வதைப் பார்த்து, அந்தப் பதிப்பின் வட்டார வழக்கில் எழுதி வைத்துக்கொள்ளும். எக்செல் 2003-இல் ஒரு படத்தைச் செருகினால் 'சார்ட்ஸ்.ஆட்' என்று எழுதும். 2007-இல் அதே செயல் 'ஷேப்ஸ்.ஆட்சார்ட்' ஆனது. 2013-இல் 'ஷேப்ஸ்.ஆட்சார்ட்2' ஆனது. புதிய பதிப்புக்குப் பழைய பேச்சு புரியும். பழையதற்குப் புதிய பேச்சு புரியாது. உங்கள் அலுவலகக் கணினியில் இருப்பது 2010. அதனிடம் போய் 'ஆட்சார்ட்2' என்றால் விழிக்கத்தான் செய்யும்.

2007-இன் கூத்து தனி. அந்தப் பதிப்பில் பட்டையின் நிறத்தை மாற்றினாலும் எழுத்தைப் பெரிதாக்கினாலும் பதிவுக் கருவி ஒரு வரிகூட எழுதாது. 2010-இல்தான் அது சரியானது.

சில புத்தகங்கள் 'எந்தப் பதிப்பு என்று மேக்ரோவே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்' என்று யோசனை சொல்லும். செய்யலாம். 2007 என்றால் 12, 2010 என்றால் 14 என்று பதில் வரும் (13 கிடையாது, தாண்டிவிட்டார்கள்). 2013 என்றால் 15. ஆனால் 2016, 2019, 2021, 365 எல்லாமே 16 என்றுதான் சொல்லும். பதிப்புக்கு ஒரு கிளை வைத்து எழுதினால், அடுத்த ஆசிரியர் அதைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் தவணை முடிந்துவிடும்.

எளிய வழி வேறு. 'சார்ட்ஆப்ஜெக்ட்ஸ்.ஆட்' என்ற பழைய கட்டளை 2003-இலும் ஓடும், இன்றைக்கும் ஓடும். இடம், உயரம், அகலம் ஆகியவற்றை நாமே எண்களில் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் கூடுதல் வேலை. படத்தை உருவாக்கியதும், அதில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் தொடர்களை முதலில் அழிக்கச் சொல்லுங்கள். சுட்டி புள்ளிப் பட்டியலுக்குள் எங்கேயாவது நின்றிருந்தால், எக்செல் கேட்காமலே அந்தப் பட்டியலை வரைந்துவிடும். மாணவர் எண்களும் பட்டைகளாக முளைத்து நிற்பது இதனால்தான். தலைப்பு கொடுப்பதற்கு முன் 'ஹேஸ்டைட்டில்' என்பதை 'ட்ரூ' ஆக்குவதும் முக்கியம். தலைப்பே இல்லாத படத்துக்கு எழுத்தை மாற்றச் சொன்னால் மேக்ரோ அங்கேயே படுத்துவிடும்.

தலைப்பு என்றதும் நம்மவர்களுக்கே உரிய ஒரு தலைவலி. மேக்ரோ எழுதும் சாளரத்துக்கு யூனிகோட் தெரியாது. 'ஆறாம் ஆண்டு கணிதம்' என்று அங்கே ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அதனால்தான் பல தமிழ்ப்பள்ளிக் கோப்புகளில் படத்தின் தலைப்பு மட்டும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கிறது. இருக்க வேண்டியதில்லை. தமிழ்த் தலைப்பைத் தாளில் ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்துவிட்டு, அந்தக் கட்டத்தில் உள்ளதை எடுத்துக்கொள் என்று மேக்ரோவிடம் சொன்னால் போதும். எழுத்து உடையாமல் வரும்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலைக்கு மேக்ரோவே வேண்டாம். ஒரே ஒரு படத்தைக் கையால் வரையுங்கள், அதுவும் பழைய கணினியிலேயே. வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு கீழ்விரி பட்டியல், அந்த வகுப்பின் புள்ளிகளை எடுத்து வர 'இண்டெக்ஸ்', 'மேட்ச்' சூத்திரங்கள். வகுப்பை மாற்றினால் படம் தானே மாறும். பொத்தான் இல்லை, 438 இல்லை. 2010-இல் வரைந்தது புதிய எக்செலில் அப்படியே திறக்கும். தலைகீழாக முயல வேண்டாம்: 2016-இல் வந்த மரப்பட வகைகள் 2010-இல் வெற்றுப் பெட்டியாகத்தான் தெரியும்.

இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022-இலிருந்து தானாகவே தடுக்கிறது. மேலே சிவப்புப் பட்டை வருமே, அதுதான். கோப்பின் 'புரோப்பர்டீஸ்' பகுதியில் 'அன்பிளாக்' என்பதைக் குறியிட்டால் திறக்கும். அனுப்பியவர் யாரென்று நன்றாகத் தெரிந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். மேக்ரோ இல்லாத கோப்புக்கு இந்தப் பேச்சே இல்லை. உலாவியில் திறக்கும் எக்செலிலும் அது வேலை செய்யும். அங்கே மேக்ரோ ஓடவே ஓடாது.

கூட்டம் நெருங்கிவிட்டது, புதிதாகச் செய்ய நேரமில்லை என்றால் அந்த ஒரு கட்டளையை மட்டும் மாற்றிச் சமாளியுங்கள். ஆனால் அதற்கு முன் மாற்றலாகிப் போன ஆசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். மேக்ரோவைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால், மேலே சொன்னதில் ஒரு வரியைக்கூட உங்களால் திருத்த முடியாது.