இரு முத்திரைப் பட்டம் எவருக்கு?

விழுப்புரம் சந்திப்பிலே ஒரு நாழிகை நின்று பாருங்கள். ஐந்து திசைகளுக்கு அங்கே இருப்புப்பாதை பிரிகிறது. சென்னைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியே திருச்சிக்கு ஒன்று, கடலூர், மயிலாடுதுறை வழியே தஞ்சைத் தரணிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. ஏறுகிறவர் கையிலே சீட்டு இருந்தால் போதும். "நீ பிறந்த ஊர் தரவரிசையில் எத்தனையாவது?" என்று எந்தப் பரிசோதகரும் கேட்பதில்லை.

கல்வி உலகிலே இப்போது ஒரு புது வண்டி விட்டிருக்கிறார்கள். கூட்டு முனைவர் பட்டம் என்று அதற்குப் பெயர். அந்த வண்டியில் ஏற வருகிறவரிடம் மட்டும் முதலில் இடத்தைக் கேட்கிறார்கள். பிறகுதான் ஆளைப் பார்க்கிறார்கள். இந்த அநீதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

"பட்டம் பெறாதவன் பட்டத்தைப் பற்றிப் பேசுவதா?" என்று மாற்றார் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! கல்லூரியைப் பாதியிலே விட்டவன்தான் நான். மேடையும் நாடகமும் எனக்குச் சோறு போட்டன, பட்டம் போடவில்லை. ஆனால் தோழர்களே, உள்ளே அமர்ந்திருப்பவனுக்குக் கதவு கண்ணில் படுவதில்லை; வாசலிலே நின்று திரும்பியவனுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

விதி என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு வகுத்த விதி இது. இந்நாட்டுப் பல்கலைக்கழகமும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகமும் கைகோத்துப் பட்டம் வழங்கலாம். முனைவர் பட்டமானால், மாணவருக்கு இங்கே ஒரு நெறியாளர், அங்கே ஒரு நெறியாளர். இரு இடங்களிலும் குறைந்தது ஒவ்வொரு பருவம் தங்கிப் பயில வேண்டும். எழுதுவது ஒரே ஆய்வேடு. பெறுவது இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வழங்கும் ஒரே பட்டம். பிரான்சு நாடு 1994-லேயே இப்படிப்பட்ட கூட்டு நெறியாள்கைக்கு ஆணை பிறப்பித்துவிட்டது. நாம் ஏறத்தாழ முப்பதாண்டு பிந்தி வந்தோம். பிந்தினாலும் வந்தோமே; வரவேற்கிறோம்!

ஆனால் வாசலிலே நிற்கும் காவலரைப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகமானால், தேசியத் தர மதிப்பீட்டில் 4-க்கு 3.01 புள்ளியேனும் பெற்றிருக்க வேண்டும். அல்லது தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கான முதல் 100 இடங்களில் இருக்க வேண்டும். அல்லது 'மேன்மைமிகு நிறுவனம்' என்று தில்லி முடிசூட்டியிருக்க வேண்டும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகமோ, க்யூ.எஸ்., டைம்ஸ் என்னும் இரு தரவரிசைகளில் ஏதேனும் ஒன்றில் முதல் 1000 இடங்களுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் இலண்டனிலே தொகுக்கப்படும் பட்டியல்கள். யார் யாரோடு சேர்ந்து ஆராயலாம் என்பதற்கு இன்றும் இலண்டன்தான் இலக்கணம் வகுக்கிறது!

விழுப்புரத்திலே அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்திலே ஆ. கோவிந்தசாமி பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இரு ஊர்களிலும் இருக்கின்றன. ஏர் பிடித்தவர் பிள்ளையும், செங்கல் சுமந்தவர் மகளும், குடும்பத்திலே முதன்முதலாக எழுத்தறிந்தவரும் அங்கே படிக்கிறார்கள். ஆனால் பட்டம் வழங்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு. ஆகவே அயல்நாட்டோடு ஒப்பந்தம் எழுதும் பேனாவும் இவ்வூர்களில் இல்லை. அது சிதம்பரத்திலும் கிண்டியிலும் இருக்கிறது. தாய்ப் பல்கலைக்கழகம் தகுதி பெற்று ஒப்பந்தம் போட்டாலும், அதன் வளாகத்துக்குள் இருக்கும் துறைக்குத்தான் அதன் பயன் முதலில் போகும். மாவட்டத்துக் கல்லூரியின் ஆய்வு மாணவர் எங்கே நிற்பார்? சுவரொட்டியிலே செய்தி படித்துவிட்டுப் பேருந்துக்கு நிற்பார்!

திண்டிவனத்திலே ஒரு பொதுக்கூட்டம் முடிந்து இறங்கினேன். ஆய்வு மாணவி ஒருவர் வந்து நின்றார். "அண்ணே, அயல்நாட்டிலே ஒரு பருவம் தங்க வேண்டுமாம். எனக்கு இடம் கொடுத்தாலும் விமானச் சீட்டுக்கு எங்கே போவேன்? அப்பா நிலத்தை அடகு வைக்கிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார். அழவில்லை அந்தப் பெண். கணக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். மேடையிலே ஒரு மணி நேரம் முழங்கிய எனக்கு, அந்த ஒரு நிமிடத்துக்கு மறுமொழி கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்த மறுமொழி.

"விதியென்றால் விதிதான்; என்ன செய்வது?" என்கிறார்கள். விதியைவிட அறிவு பெரிதென்று இந்த நாடே ஒருமுறை காட்டியிருக்கிறது. கதை நம் வட்டாரத்துக்கதை, கேளுங்கள்.

1910-ஆம் ஆண்டு. வேலையும் இல்லாமல், பட்டமும் இல்லாமல், நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஓர் இளைஞர் இரயிலேறி விழுப்புரம் வந்தார். அங்கே வண்டி மாறித் திருக்கோவலூர் போனார். அவ்வூரில் அப்போது துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். வந்த இளைஞர் கேட்டது ஒரு சிறு எழுத்தர் வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய அதிகாரி, இந்த அறிவை வருவாய்த் துறையின் கடைப்படியிலே புதைக்க மனம் ஒப்பாமல், சென்னையிலிருந்த கணித அறிஞர்களிடம் அனுப்பிவைத்தார். அந்த இளைஞர்தான் இராமானுஜன்!

கல்லூரித் தேர்வில் தோற்றவர் அவர். ஒரு முறையல்ல, மீண்டும் தோற்றவர். ஆனாலும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு எப்படித் தருவது என்று தயங்கியபோது, ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமைதானே என்ற வாதம் வென்றது. 1914-இல் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். ஆண்டுக்கு 250 பவுன் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். நெறிப்படுத்தியவர் அங்கே ஹார்டி. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்கான இளங்கலைப் பட்டம் வழங்கியது. அப்போது அங்கே முனைவர் பட்டம் ஏற்பட்டிருக்கவில்லை. பணம் இங்கிருந்து; நெறியாள்கை அங்கிருந்து; அறிவு கும்பகோணத்துத் திண்ணையிலிருந்து! கூட்டுப் பட்டம் என்ற பெயர் பிறக்கு முன்பே, அதன் உயிர் பிறந்துவிட்டது.

இன்றைய விதி அன்று இருந்திருந்தால்? "உன் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டிருப்பார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்!

ஆனால் தோழர்களே, இந்தக் கதையிலே இன்னொரு பாடமும் உண்டு, அதை மறைக்கலாகாது. இராமானுஜனுக்கு ஒருவர் அறிமுகக் கடிதம் தந்தார், அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர். துணை ஆட்சியரின் வாசற்படியை மிதிக்கவே அஞ்சிய உழவன் மகன் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? அவர்களிடமும் நோட்டுப் புத்தகம் இருந்திருக்காதா? தற்செயலாக ஒருவருக்குத் திறந்த கதவு, சட்டமாக எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பதுதான் நம் கட்சி. சலுகை கேட்கவில்லை; வழி கேட்கிறோம்.

இனித் திண்டிவனத்துக்கு வாருங்கள். அங்கே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அது தந்த நிலக்கடலை இரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. குடியாத்தம் கொத்து என்ற பழைய கடலையிலிருந்து பொறுக்கியெடுத்து உருவாக்கிய டி.எம்.வி. 2, 1940-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுக்கு வெளியேயும் பல்லாண்டுகள் வயலாண்டது. ஐதராபாத்துக்கு அருகே பட்டான்சேருவில் 1972-இல் எழுந்த பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், கடலையின் மரபணுக்களை ஆராய்ந்தபோது இந்த இரகத்தையும் எடுத்துக்கொண்டது. நம் வட்டாரத்திலே கடலையை மணிலா என்போம், மல்லாட்டை என்போம். தென் அமெரிக்காவிலே தோன்றிய பயிர், மணிலா நகரத்தின் பெயரைச் சுமந்து வந்து, திண்டிவனத்தின் முகவரியோடு மறுபடி ஊர்சுற்றப் புறப்பட்டது. கடலை உலகம் சுற்றலாம். கடலையை விதைத்தவன் மகள் சுற்றக்கூடாதா?

அந்த மகள் மானாவாரிக் கடலையைப் பற்றி ஆராய்கிறாள் என்று வையுங்கள். யாரோடு சேர்ந்து ஆராய்ந்தால் அவளுக்கும் நமக்கும் நன்மை? மழை பொய்க்கும் மண்ணிலே கடலையை நம்பி வாழும் செனகல் நாட்டின் அறிஞரோடு சேர்ந்தால் நன்மை. பட்டியலோ, மண்ணைக் கேட்பதில்லை; பயிரைக் கேட்பதில்லை. நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து ஓர் எண்ணைப் போட்டு, அந்த எண்ணைக் காட்டு என்கிறது. இன்னொரு மாணவர் தமிழாய்வு செய்கிறார். யாழ்ப்பாணத்து அறிஞர் ஒருவரின் துணை அவருக்கு வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பல்கலைக்கழகம் ஆயிரத்துக்குள் இருக்கிறதா என்பதையா? அந்தத் துறைக்கு ஆழங்கால்பட்ட ஆசிரியர் இருக்கிறாரா என்பதையா?

"தரம் வேண்டாமா? கண்டவரோடெல்லாம் கைகோத்தால் போலிப் பட்டம் பெருகாதா?" என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்வோம். தரம் வேண்டும்! கூலிக்கு ஆய்வேடு எழுதித் தருபவர்கள் நம் நாட்டிலே இல்லையென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் திருடனைப் பிடிக்க ஊர்ப்பெயரைப் பார்ப்பது காவல் ஆகாது. இரு நெறியாளரும் அந்தப் பொருளிலே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆய்வேட்டைப் பொதுமக்கள் படிக்க வெளியிடுங்கள். வாய்மொழித் தேர்வை ஊரறிய நடத்துங்கள். ஆளை அளப்பதற்குச் சோம்பி, கட்டடத்தை அளக்கிறார்கள். அதற்குத் தரம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

நம்மவரிலேயே சிலர், "அயல்நாட்டு முத்திரை எதற்கு? அது அடிமைப் புத்தியல்லவா?" என்பார்கள். அல்ல, தோழர்களே! 1964-இல் தில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால். அதன் முதல் மாநாடு 1966-இல் கூடியது சென்னையிலே அல்ல, கோலாலம்பூரிலே. பல நாட்டு அறிஞர்கள் அதிலே கலந்துகொண்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே தமிழ் இருக்கை அமைய, உலகெங்குமுள்ள தமிழர் பொருள் தந்தார்கள். தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் தந்தது. ஹார்வர்டிலே தமிழுக்கு நாற்காலி போட்டோம், மகிழ்ச்சி. அந்த நாற்காலிக்கு எதிரே அமர்ந்து கேட்க மயிலத்திலிருந்து ஒரு மாணவி போக வழி செய்தோமா?

தில்லி என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாழ்த்தப்பட்ட மாணவர் அயல்நாடு சென்று படிக்க ஒன்றிய அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. 2022-இல் அதற்கு வெளியிட்ட நெறிமுறையிலே, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்திய சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்தத் தொகை இல்லை என்று எழுதினார்கள். சாதியால் வதைபட்டவன் சாதியை ஆராய அயல்நாடு போகக் கூடாதாம்! ஒரு கையால் உலகக் கதவைத் திறப்பதாக விளம்பரம். மறு கையால் வாயைப் பொத்தும் வேலை.

பிறரை மட்டும் குறைகூறி முடித்தால் அது மேடைக்கு அழகு, மனச்சான்றுக்கு அழகல்ல. விழுப்புரத்திலே 2021 பிப்ரவரியில் சட்டத்தால் ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அதை 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டமன்றத்திலே மசோதா நிறைவேறியது. தொடங்கியது சரியா, இணைத்தது சரியா என்று வழக்காடுவது இன்றைய நோக்கமல்ல. இணைத்தவர்க்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது என்பதே என் வாதம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் சிதம்பரத்தை நம்பி நிற்கிறார்கள். தாய் என்று பெயர் வாங்கிய பல்கலைக்கழகம், வீட்டிலுள்ள பிள்ளைக்கும் வயலிலுள்ள பிள்ளைக்கும் ஒரே பந்தியில் இலை போட வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது நான்கு.

ஒன்று: அயல்நாட்டோடு எழுதும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், இணைப்புக் கல்லூரி, உறுப்புக் கல்லூரி ஆய்வு மாணவர்க்கு இத்தனை இடம் என்று எழுத்திலே இருக்க வேண்டும். இடஒதுக்கீடு அதிலும் செல்ல வேண்டும்.

இரண்டு: அயல்நாட்டிலே தங்கும் அந்த ஒரு பருவத்துக்குப் பயணச் செலவும் உணவும் உறைவிடமும் அரசின் பொறுப்பாக வேண்டும். 1914-இல் ஒருவருக்குச் செய்ததை இன்று நூறு பேருக்குச் செய்ய முடியாதா?

மூன்று: நிறுவனத்தின் எண்ணுக்குப் பதில், துறையையும் நெறியாளரையும் அளக்கும் வகையில் விதியைத் திருத்த வேண்டும்.

நான்கு: தமிழாய்வுக்கான கூட்டு ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதும் உரிமை ஒப்பந்தத்திலே இருக்க வேண்டும்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது, தோழர்களே. உங்கள் ஊர்க் கல்லூரியிலே ஆய்வு செய்பவர் யார் யார் என்று கேட்டறியுங்கள். இந்த விதியை அவர்களுக்குச் சொல்லுங்கள், அறியாதவர் அநேகர். கிளைக் கூட்டத்திலே தீர்மானம் போடுங்கள். சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்து, "அயல்நாட்டு ஒப்பந்தங்கள் எத்தனை? அவற்றால் பயன்பெற்ற மாவட்டக் கல்லூரி மாணவர் எத்தனை பேர்?" என்று சபையிலே கேட்கச் சொல்லுங்கள். கேள்வி எழுந்தால்தான் கணக்கு எழும். கணக்கு எழுந்தால்தான் கதவு அசையும்.

1910-இல் ஓர் இளைஞர் வேலை தேடி விழுப்புரம் வந்தார். உலகம் அவரைக் கண்டுகொண்டது. இன்றும் அந்தச் சந்திப்பிலே ஒரு பெண் நிற்கிறாள். கையிலே நோட்டுப் புத்தகம் இருக்கிறது, சீட்டு இல்லை. அவள் தந்தையின் நிலம் அடகுக் கடைக்குப் போகாமல் அந்தச் சீட்டை வாங்கித் தருவது நம் கடமை!